பிழையும் பொய்யும் ஒன்றல்ல: ‘மென்டேஷஸ்’ என்ற சொல் பற்றி

ஆங்கிலப் பத்திரிகைகளின் ஆசிரியத் தலையங்கங்களில் ‘மென்டேஷஸ்’ என்றொரு பெயரடை அவ்வப்போது வரும். உயர்தர மாணவர்கள் பலர் அதன் மேல் பென்சிலால் ‘பொய்யான’ என்று எழுதிக்கொள்கிறார்கள். அது போதாது என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு.

‘ஃபோல்ஸ்’ என்பது செய்தியைப் பற்றிய சொல். சொன்னது உண்மைக்கு மாறானது என்பதோடு அது நின்றுவிடும். சொன்னவர் அறியாமல் சொல்லியிருக்கலாம். ‘மென்டேஷஸ்’ சொன்னவரின் நிய்யத்தையும் சேர்த்துப் பிடிக்கிறது: பொய்யென்று தெரிந்தே சொல்வது, பொய்யையே பழக்கமாகக் கொள்வது. பொய் பேசுகின்ற என்று பொருள்படும் ‘மென்டாக்ஸ்’ என்ற இலத்தீன் சொல்லே இதன் மூலம்.

அரபு தெரிந்தவர்களுக்கு இது எளிது. காதிப் பொய் சொன்னவன். கத்தாப் பொய்யிலேயே ஊறியவன். நபித்துவம் வாதிட்ட முஸைலமாவுக்கு வரலாற்றில் நிலைத்த பட்டம் இரண்டாவதுதான்.

ஆளுக்கும் பேச்சுக்கும் அறிக்கைக்கும் இச்சொல்லைப் பயன்படுத்தலாம். பரீட்சையில் எழுதிய பிழையான விடைக்குப் பயன்படுத்த முடியாது. இதன் பெயர்ச்சொல் ‘மென்டாசிட்டி’. யாசகத்தைக் குறிக்கும் ‘மென்டிசிட்டி’யோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

2018 பெப்ரவரியில் அம்பாறையில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாகக் கூறி முஸ்லிம் உணவகம் ஒன்று தாக்கப்பட்டது; பள்ளிவாசலும் தப்பவில்லை. சிங்களம் சரியாக விளங்காத உணவக ஊழியர், சூழ்ந்து நின்றவர்களுக்கு அஞ்சிச் சொன்ன ‘ஆம்’ காணொளியாகப் பரவியது. அது மாவுக் கட்டி என்று பின்னர் அரச இரசாயனப் பகுப்பாய்வு கூறியது. அந்த ‘ஆம்’ ஃபோல்ஸ். ஆனால் அந்த ஊழியர் மென்டேஷஸ் அல்லர். உண்மை தெரிந்தும் அதை வாக்குமூலமாக்கிப் பரப்பியவர் எவரோ அவருக்கே அச்சொல் பொருந்தும்.

நம்பிப் பகிர்ந்தவர்கள்? அவர்களும் மென்டேஷஸ் அல்லர். ஆனால் கிடைத்த செய்தியைத் தீர விசாரிக்கும்படி ஸூரதுல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் நம்மைப் பணிக்கிறது. அந்தக் கடமையில் தவறியவர்கள் என்று அவர்களைச் சொல்லலாம்.

நமது வட்ஸ்அப் குழுக்களிலும் இந்த வேறுபாடு வேண்டும். பிழையான செய்தியைப் பகிர்ந்த சகோதரரைப் பொய்யன் என்று அழைக்குமுன், அவருக்கு அது தெரிந்திருந்ததா என்று கேட்போம். தெரியாதென்றால் திருத்தினால் போதும்.