கடித்துப் பிடித்த சிவப்பு

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் போகிற டேங்கர் லாரிகளில் ஒரு படம் ஒட்டியிருக்கும். மேலிருந்து சொட்டும் திரவம் ஒரு கையையும் ஓர் உலோகத் துண்டையும் அரித்துக்கொண்டிருக்கும். பக்கத்தில் 1824 என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல். ஆலையில் எல்லோருக்கும் அது ‘காஸ்டிக் லை’. அபாயச் சரக்குகளுக்கு ஐக்கிய நாடுகள் சபை தந்திருக்கும் எண்களில் அதுவும் ஒன்று. அதே 1824-ஆம் ஆண்டில்தான் லண்டனில் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டு, பக்கத்து ஏரியின் தென்கரையில் கிடக்கும் பழவேற்காட்டைக் கைமாற்றிக்கொண்டார்கள். தற்செயல்தான். ஆனாலும் எனக்கு வேண்டிய ஊரும் சரக்கும் ஒரே எண்ணில் வந்து நிற்கும்போது சொல்லாமல் விட மனம் வரவில்லை.

ஒருவர் பேச்சு சுருக்கென்று தைத்தால் ஆங்கிலத்தில் அதைக் ‘காஸ்டிக்’ என்பார்கள். ‘மார்டன்ட்’ என்றும் சொல்வதுண்டு. அகராதியைப் புரட்டினால் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விளக்கம்தான்: குத்தலான, காரமான, கேலி கலந்த பேச்சு. முதல் சொல்லுக்குக் கிரேக்க வேர்; எரிப்பது என்று பொருள். இரண்டாவது பிரெஞ்சு வழியாக வந்தது. கடிப்பது என்று பொருள். எரிப்பதற்கும் கடிப்பதற்கும் என்ன வித்தியாசம், இரண்டும் வலிதானே என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கு அகராதியைவிட நல்ல பதில் பழவேற்காட்டுக் கைக்குட்டையிடம் இருக்கிறது. காஸ்டிக், மார்டன்ட் இரண்டையும் உடம்பில் வாங்கிக்கொண்டு உலகம் சுற்றிய துணி அது.

கைக்குட்டை என்றதும் சட்டைப்பையில் மடித்து வைக்கும் துண்டை நினைக்க வேண்டாம். இது கஜ அளவுச் சதுரம். தலையில் கட்டினால் உருமால், கழுத்தில் சுற்றினால் அலங்காரம், தோளில் போட்டால் துண்டு. பல சதுரங்களை ஒரே நீளத் துணியாக நெய்து அனுப்புவார்கள், வாங்குகிறவர் வெட்டிக்கொள்வார். முன்கூட்டியே சாயமேற்றிய நூலில் கட்டம் போட்டு நெய்த துணி. அந்தக் கட்டங்களில் பேர்பெற்றது சிவப்பு.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போர்த்துக்கீசியரான டுவார்ட்டே பர்போசா, பழவேற்காட்டின் பருத்தித் துணிகளுக்கு மலாக்காவிலும் பெகுவிலும் சுமத்ராவிலும் இருந்த மதிப்பைக் குறித்து வைத்திருக்கிறார். டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியதும் துணிக்காகத்தான். அவர்களுக்கு வேண்டியது கிராம்பும் ஜாதிக்காயும். அவை விளைந்த தீவுகளில் இருந்தவர்கள் கேட்டதோ சோழமண்டலக் கரையின் துணி. துணியைக் கொடுத்து வாசனைச் சரக்கை வாங்கி, அதை ஐரோப்பாவில் விற்றார்கள். 1690-இல் தலைமை நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை இந்தக் கரையில் டச்சு வணிகத்துக்குப் பழவேற்காடுதான் தலைமையிடம். அதே துறைமுகத்திலிருந்து பஞ்ச காலத்தில் ஆயிரக்கணக்கான மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள். துணியின் கதையைச் சொல்லும்போது இதை மட்டும் விட்டுவிடுவது நியாயமில்லை.

அந்தச் சிவப்பு சாயவேரிலிருந்து வந்தது. இம்பூறல் என்று சித்த வைத்தியர்கள் சொல்கிற, கடற்கரை மணலில் படர்கிற சின்னஞ்சிறு செடி. வேர்ப்பட்டையில் இருக்கும் அலிசரின்தான் சாயம். கிளிஞ்சல் கலந்த மணலில் விளைந்த வேரின் சிவப்புக்குத் தனி மவுசு உண்டு. சுண்ணாம்புச் சத்து அந்தச் சாயத்தைத் தூக்கிக் கொடுக்கும். பழவேற்காடு ஏரிக்கரையில் கிளிஞ்சலுக்கு என்ன பஞ்சம்?

ஆனால் வேரைக் கொதிக்கவைத்து நூலைப் போட்டால் மட்டும் சிவப்பு ஏறாது. மங்கலாக ஒட்டி, முதல் சலவையிலேயே போய்விடும். அதனால் சாயத் தொட்டிக்கு வரும் முன் நூல் நாட்கணக்கில் பாடுபட வேண்டும். செடிகளைச் சுட்டு எடுத்த சாம்பலைக் கரைத்துக் கார நீர் எடுப்பார்கள். அதோடு நல்லெண்ணெயைக் கலந்தால் வெள்ளையாகக் குழம்பும். அதில் நூலை ஊறவைத்து, பிழிந்து, வெயிலில் காயப்போட்டு, மறுபடி ஊறவைத்து, மறுபடி காயப்போட்டு என்று திரும்பத் திரும்ப. பச்சை நூலில் மெழுகும் பிசினும் உண்டு. காரம் அவற்றைத் தின்றுவிடும். எண்ணெய் உள்ளே இறங்க வழிவிடும். இந்தச் சாம்பல் நீரில் கிளிஞ்சல் சுண்ணாம்பையும் சேர்த்தால் வீரியம் கூடி அசல் காஸ்டிக்காகவே ஆகிவிடும். வேலை முடிந்ததும் அதை அலசிக் கொட்டிவிடுவார்கள். முடிந்த துணியில் அது ஒரு துளியும் இருக்காது, இருக்கவும் கூடாது.

அடுத்து வருவது படிகாரம். சாயத்தை நூலில் பிடித்துவைக்கும் இதைத்தான் சாயக்காரர் மொழியில் மார்டன்ட் என்பது. சில இடங்களில் படிகாரத்தோடு காயா இலையையும் சேர்த்தார்கள். கண்ணனைக் காயாம்பூ வண்ணன் என்கிறோமே, அந்தக் காயாதான். பூ கவிஞர்களுக்குப் போயிற்று, இலை சாயக்காரர்களுக்கு. மண்ணிலிருந்து அலுமினியத்தை இழுத்து இலையில் சேர்த்துவைக்கும் குணம் அந்தச் செடிக்கு உண்டு என்பது தாவர வேதியியல் பின்னால் கண்டுபிடித்தது. படிகாரத்தில் இருப்பதும் அலுமினியம்தான்.

பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வேதியியலாளர்கள், இந்த உப்பு இழையைக் கடித்துத் துளை போடுகிறது, அந்தத் துளையில் சாயம் போய்ச் சிக்கிக்கொள்கிறது என்று நினைத்தார்கள். கடிப்பான் என்று பொருள்படும் பெயர் அந்த நினைப்புக்குப் பொருத்தமாக இருந்தது. உண்மையில் நடப்பது வேறு. அலுமினியம் ஒரு பக்கம் இழையையும் மறுபக்கம் சாயத்தையும் பற்றிக்கொள்கிறது. கல்யாணத் தரகர் மாதிரிதான், ஆனால் கல்யாணம் முடிந்த பிறகும் போகாமல் அந்த வீட்டிலேயே தங்கிவிடுகிற தரகர். அவர் வெளியேறினால் குடும்பம் பிரிந்துவிடும்.

நம் கரையின் இந்த வித்தையைத் தெரிந்துகொள்ள ஐரோப்பியர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. 1742-இல் கெர்டூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார், தன்னிடம் மதம் மாறிய சாயக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட செய்முறையை விரிவாக எழுதிப் பாரிசுக்கு அனுப்பினார். தொழில் ரகசியம் திருடுவதற்கு அந்தக் காலத்தில் அப்படி ஒரு பக்தியான வழி இருந்தது.

துணி போன ஊரெல்லாம் ஒரு பெயரைப் பெற்றது. மலாய் நாட்டில் ‘காயின் பெலிகாட்’ என்றால் ஆண்கள் உடுத்தும் கட்டம் போட்ட கைலி; பள்ளிவாசலுக்குப் போகும்போதும் வீட்டில் ஓய்வாக இருக்கும்போதும் அதுதான். இலங்கையில் அது ‘பளையகாட்’ சாரம். நம் பக்கத்துக் கைலிக் கடைகளிலும் பளையகாட் என்ற பெயர் புழங்கியது. ஊர்ப் பெயர் வெளியூர் வாய்களில் சிதைந்து, துணியின் பெயராகத் திரும்பி வந்த கதை இது. மெக்சிகோவில் கழுத்தில் கட்டும் சிவப்புக் கைக்குட்டைக்குப் ‘பலியகாத்தே’ என்று பெயர். அது பழவேற்காட்டிலிருந்து போன சொல் என்று ஒரு சாராரும், மூக்கைக் குறிக்கும் அவர்களுடைய நாவாட்டில் மொழிச் சொல் என்று இன்னொரு சாராரும் வாதாடுகிறார்கள். இந்த வழக்கில் நான் சாட்சி சொல்லப் போவதில்லை.

கரீபியன் தீவுகளில் அது ‘மட்ராஸ்’. மார்ட்டினிக், குவாதலூப் பெண்கள் அதைத் தலையில் கட்டி முனைகளை நிறுத்திவைப்பார்கள். ஒரு முனை, இரண்டு முனை என்ற கணக்கில் மனசு காலியா, யாருக்காவது வாக்குக் கொடுத்தாயிற்றா என்று தெரிந்துவிடுமாம். நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் வாழும் கலபாரி மக்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கட்டம் போட்ட மதராஸ் துணியை வாங்கி, பிளேடால் குறிப்பிட்ட இழைகளை மட்டும் வெட்டி உருவி எடுத்து, மிஞ்சியதில் புதுக் கோலம் கொண்டுவந்தார்கள். பெலெட்டெ பிட்டெ என்று அதற்குப் பெயர். நம் நெசவாளி போட்ட இழையைக் கழித்து அதைத் தங்கள் துணியாக்கிக்கொண்ட அவர்களுடைய துணிச்சல் எனக்கு இந்தப் பயணத்திலேயே மிகவும் பிடித்த இடம்.

ஸ்காட்லாந்துக்காரர்கள் போலியே செய்துவிட்டார்கள். 1785-இல் கிளாஸ்கோவை ஒட்டிய டால்மார்னக்கில், பிரான்சின் ரூவானிலிருந்து பாப்பியோன் என்ற சாயக்காரரை வரவழைத்து, டேவிட் டேலும் ஜார்ஜ் மாக்கின்டோஷும் துருக்கிச் சிவப்புச் சாயப் பட்டறை தொடங்கினார்கள். எண்ணெய், காரம், படிகாரம் என்று முறை ஏறக்குறைய நம்முடையதே. அந்தப் பக்கத்துத் தறிகளில் நெய்த கைக்குட்டைகளுக்குப் ‘புல்லிகேட்’ என்றே பெயர் வைத்தார்கள். பழவேற்காட்டைப் பார்த்தே இராத ஸ்காட்டிஷ் நெசவாளி அதன் பெயரை நெய்து வயிறு வளர்த்தான்.

1868-இல் ஜெர்மன் வேதியியலாளர்கள் கிரேபேயும் லீபர்மானும் ஆய்வுக்கூடத்தில் அலிசரினைச் செய்துகாட்டினார்கள். அதோடு சாயவேர் தோண்டுகிறவர்களின் பிழைப்பு போயிற்று. படிகாரத்தின் பிழைப்பு போகவில்லை. ஜெர்மன் அலிசரினுக்கும் அந்தத் தரகர் தேவைப்பட்டார்.

சாயத்துக்குப் பிடிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது 1958-இல் அமெரிக்காவில் தெரிந்தது. பின்னாளில் லீலா ஓட்டல்களை நிறுவிய கேப்டன் கிருஷ்ணன் நாயர் விற்ற மதராஸ் துணியில் தைத்த சட்டைகளை, புரூக்ஸ் பிரதர்ஸ் கடையில் வாங்கியவர்கள் சலவை இயந்திரத்தில் போட்டார்கள். சாயம் ஓடி எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டது. வழக்குக்குப் போக வேண்டிய விஷயம். அதை விளம்பரக்காரர்கள், நிறம் கசிவதற்கு நாங்கள் உத்தரவாதம் என்று தலைகீழாக்கி விற்றுவிட்டார்கள். ஒவ்வொரு சலவையிலும் புதுச் சட்டை என்று இளவட்டங்கள் வரிசையில் நின்றார்களாம்.

இப்போது பேச்சுக்கு வருவோம். காஸ்டிக் கையில் பட்டால் உடனே சுடாது. முதலில் வழவழவென்றுதான் இருக்கும், தோலின் கொழுப்பையே சோப்பாக்கிக்கொண்டிருப்பதால். எரிச்சல் பிறகுதான் தெரியும். அதற்குள் ஆழமாக இறங்கியிருக்கும். அமிலத்தைவிட இது மோசம் என்று ஆலையில் எச்சரிப்பது இதனால்தான். கால் மணி நேரமாவது தண்ணீரில் கழுவச் சொல்வார்கள். காஸ்டிக்கான பேச்சும் அப்படித்தான்: வழவழப்பாக ஆரம்பித்து, வீட்டுக்குப் போன பிறகு எரியும். யார் வாங்குகிறார்கள் என்பதும் முக்கியம். கம்பளியும் பட்டும் காஸ்டிக்கில் கரைந்தே போகும். பருத்தி தாங்கும். 1844-இல் ஜான் மெர்சர் பருத்தித் துணியைக் காஸ்டிக்கில் முக்கியபோது அது சுருங்கியது, ஆனால் வலுத்தது. 1890-இல் ஹொரேஸ் லோ அதையே சுருங்க விடாமல் இழுத்துப் பிடித்து முக்கினார். பட்டின் பளபளப்பு வந்துவிட்டது. கடுமையான விமர்சனத்தில் சில எழுத்தாளர்கள் சுருங்குவதும் சிலர் மெருகேறுவதும் இப்படித்தான் என்று எனக்குத் தோன்றும். இழுத்துப் பிடிக்க ஆள் இருந்ததா என்பதுதான் கேள்வி.

புதுமைப்பித்தனிடம் இரண்டு சரக்கும் இருந்தது. தழுவல் பற்றிக் கல்கியோடு மல்லுக்கு நின்றபோது அவர் எழுதியவை காஸ்டிக். அந்தச் சண்டைக்கு அப்போது வேலை இருந்தது, முடிந்ததும் அலசிப் போயிற்று. பிராட்வே முனையில் கடவுளைக் கொண்டுவந்து நிறுத்தி, ஒரு வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாதாரராக்கிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ மார்டன்ட். எண்பது ஆண்டு தாண்டியும் அதன் நிறம் போகவில்லை. யாரையும் பொசுக்கவில்லை, கடித்த இடத்தில் பிடித்துக்கொண்டது.

பழவேற்காட்டில் இன்று இறாலும் நண்டும் பனையோலைப் பெட்டியும்தான் பேர்போனவை. கைக்குட்டை சொல்லிக்கொடுத்த பாடம் மட்டும் மிச்சம். அதை வைத்து, ஆங்கிலத்தில் நூல் மதிப்புரை எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆசிரியரின் கேலி உங்களுக்குப் பிடித்திருந்தால் மார்டன்ட் என்று எழுதுங்கள். காஸ்டிக் என்று எழுதிவிட்டு, பாராட்டித்தானே எழுதினேன் என்று அவரிடம் போய்ச் சொல்லாதீர்கள்.