கப்று இல்லாத துயரம்

மவுத்து நேர்ந்த வீட்டில் அழுகைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. குளிப்பாட்டுதல், கஃபனிடுதல், ஜனாஸாத் தொழுகை, அடக்கம், மூன்று நாள் துக்கம் என ஒவ்வொன்றும் நெஞ்சின் பாரத்தைச் சிறிது இறக்கி வைக்கின்றது. மையித்தே வந்து சேராத வீட்டில் அப்பாரத்தை எங்கே இறக்குவது? காவிரிப் படுகை இவ்வினாவை ஒரு முறைக்கு மேல் சந்தித்திருக்கின்றது.

1942-இல் ஜப்பானியப் படை ரங்கூனைக் கைப்பற்றியபோது, இலட்சக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து தாயகம் நோக்கி நடந்தனர். பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர். தஞ்சைத் தரணியிலிருந்து பிழைக்கச் சென்றோரும் அவர்களுள் இருந்தனர். கடிதம் நின்றது, மரணச் செய்தியும் வரவில்லை. தபால்காரர் தெருவில் நுழைந்தால் வாசலுக்கு வந்து நிற்கும் மூதாட்டியரை நாம் சிறுபிராயத்தில் கண்டிருக்கின்றோம்.

பின்னர் 2004 டிசம்பர் 26 வந்தது. ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அடையாளம் காணப்படாத உடல்கள் பொதுக்குழிகளில் அடக்கப்பட்டன. சிலரைக் கடல் திருப்பித் தரவே இல்லை. அக்காலத்தில் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம், துயருற்றோருடன் அமர்ந்து ஆறுதல் கூறத் தொண்டர்களுக்குப் பயிற்சி அளித்தது.

இத்தகைய இழப்பைத் தனியே ஆராய்ந்தவர் அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ் அம்மையார். வியட்நாம் போரில் காணாமற்போன வீரர்களின் குடும்பங்களை அவர் 1970-களில் ஆய்ந்தார். அக்குடும்பங்களின் துயரம் நகராமல் உறைந்து நிற்பதற்கு அவர்களின் மனவலிமைக் குறைவு காரணமன்று, இழப்பின் தெளிவின்மையே காரணம் என்று கண்டார். ‘போயிருக்கலாம்’, ‘வரவும் கூடும்’ என்னும் இரண்டு எண்ணங்களையும் ஒருங்கே தாங்கி வாழப் பழகுவதே அவர்களுக்குரிய வழி என்றார்.

திருமறை கூறும் நபி யஃகூப் (அலை) அவர்களின் வரலாறும் இதுவே அன்றோ! யூசுஃப் (அலை) அவர்கள் இறந்ததற்குச் சான்றில்லை; இருப்பதற்கும் செய்தியில்லை. தந்தையாரின் கண்கள் துக்கத்தால் வெளுத்துப்போயின. எனினும் பிள்ளைகளைத் தேடிவர அனுப்பினார்கள். இறையருளில் நம்பிக்கை இழக்கவில்லை. பொறுமைக்கு முன்மாதிரியான நபி ஒருவர் ஆண்டுக்கணக்கில் அழுதிருக்க, அழுவோரைப் பொறுமையற்றோர் என நாம் எப்படிப் பழிப்பது?

நம் மார்க்கச் சட்டமும் இத்துயரை எண்ணிப் பார்த்தது. கணவன் இறந்தால் நான்கு மாதம் பத்து நாள் இத்தா. அவன் காணாமற்போனால் அந்த நாளை எங்கிருந்து எண்ணுவது? ஹனஃபீ மத்ஹபின் பழைய தீர்ப்பின்படி, அவனுடைய வயதையொத்தவர்கள் மறையும் வரை மனைவி காத்திருக்க வேண்டும். மாலிக்கீ மத்ஹபோ, ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் தீர்ப்பைப் பின்பற்றி நான்கு ஆண்டுகள் என வரையறுத்தது. பெண்களின் இன்னலைக் கண்ட மவ்லானா அஷ்ரஃப் அலீ தானவீ அவர்கள், ஹனஃபீகளும் அவ்வழியை ஏற்கலாம் என எழுதினார்கள். 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டத்திலும் அந்த நான்கு ஆண்டு இடம்பெற்றது.

சட்டம் அவளுக்கு ஒரு வாசலைத் திறக்கும். அவ்வழி செல்வதும் செல்லாதிருப்பதும் அவள் விருப்பம். அதுவரை அவளருகே அமர்ந்திருப்பது ஜமாஅத்தின் கடமை. “இன்னுமா காத்திருக்கிறாய்?” என்று கேளாதிருப்போம். காணாமற்போனவரின் பெயரை அவள் சொல்லும்போது, காது கொடுத்துக் கேட்போம்.