பாறையுப்பின் அதிர்வுகள்: பெங்களூரில் எழுந்த ஒரு விவாதம்

பெங்களூர் மக்கள் டாடா இன்ஸ்டிட்யூட் என்று வழங்கிவரும் இந்திய அறிவியல் கழகத்தில் 1940களில் நிகழ்ந்த ஆய்வுகளுள், சோடியம் குளோரைடு என்னும் எளிய உப்பின் படிகத்தை முன்வைத்து சி. வி. ராமனுக்கும் மாக்ஸ் பார்னுக்கும் இடையே மூண்ட கருத்து மோதலைப் போல ஆழமானவை மிகச் சில. அயனிப் பிணைப்பால் கட்டுண்ட துகள்கள் தனித்தனிக் குழுக்களாக அதிர்கின்றனவா, படிகம் முழுவதுமாக அலைகளாக அதிர்கின்றனவா என்பதே அதன் மையம்.

சோடியம் அணு ஓர் எலக்ட்ரானை இழந்து நேர்மின் அயனியாகவும், குளோரின் அணு அதனை ஏற்று எதிர்மின் அயனியாகவும் மாறும்போது அவற்றிடையே எழும் மின்னீர்ப்பே அயனிப் பிணைப்பு என்னும் விளக்கத்தை 1916-இல் வால்தர் கோசெல் முன்வைத்தார். அதற்கு முன்பே, 1913-இல், பிராக் தந்தையும் மகனும் ஊடுகதிர்களைக் கொண்டு, பாறையுப்பில் ஒவ்வோர் அயனியையும் எதிர்மின்னூட்டமுடைய ஆறு அயனிகள் சூழ்ந்துள்ளன என்று காட்டியிருந்தனர். எந்த அயனியும் ஒரே ஒரு துணையோடு மட்டும் பிணையாமல், நெடுந்தொலைவு பரவும் மின்விசையால் படிகம் முழுவதோடும் பிணைந்திருப்பதால்தான் இவ்வுப்பு 801 டிகிரி செல்சியஸ் வரை உருகாமல் நிற்கிறது. இந்த விசைகளைக் கூட்டிப் படிகக்கூடு ஆற்றலை, அதாவது படிகத்தைத் தனித்தனி அயனிகளாகப் பிரிக்கத் தேவையான ஆற்றலை, 1918-இல் லாண்டேயுடன் சேர்ந்து கணக்கிட்டவர் பார்ன்.

நாஜி அரசு ஜெர்மனியில் பதவியைப் பறித்த பின் கேம்பிரிட்ஜில் தஞ்சம் புகுந்திருந்த பார்னை, 1933 முதல் கழகத்தின் இயக்குநராயிருந்த ராமன் அழைக்க, அவர் 1935-36-இல் சில மாதங்கள் பெங்களூரில் தங்கிப் பணியாற்றினார். அவரை நிரந்தரப் பேராசிரியராக்க ராமன் எடுத்த முயற்சி கழகத்துக்குள் எதிர்ப்பைச் சந்தித்துத் தோற்றது. அது இந்திய இயற்பியலுக்கு நேர்ந்த பேரிழப்பு. பார்ன் எடின்பரோவுக்குச் சென்றார். ராமன் 1937-இல் இயக்குநர் பொறுப்பை விட்டு இயற்பியல் பேராசிரியராக மட்டும் தொடர்ந்தார்.

பாறையுப்பில் ஒவ்வோர் அயனியும் சமச்சீர் மையத்தில் அமர்ந்திருப்பதால், ஒளி சிதறி அலைநீளம் மாறும் ராமன் விளைவு அதில் முதல் நிலையில் தோன்றாது; இரு அதிர்வுகள் சேர்ந்து விளைவிக்கும் மங்கலான இரண்டாம் நிலை நிறமாலையே கிட்டும். கழகத்தைச் சேர்ந்த ஆர். எஸ். கிருஷ்ணன், பாதரச விளக்கின் 2536.5 ஆங்ஸ்ட்ராம் புற ஊதாக் கதிரைப் படிகத்தில் செலுத்தி, நிறமாலைமானியை எட்டும் அக்கதிரின் மிகுதியைப் பாதரச ஆவியால் உறிஞ்சச் செய்து, அந்த மங்கலான நிறமாலையை அரிய தெளிவுடன் படம்பிடித்தார். அப்படங்களில் தெரிந்த கூரிய முகடுகளை ராமன், பாறையுப்புக்கு ஒன்பது அடிப்படை அதிர்வெண்கள் மட்டுமே உண்டு என்னும் தம் கொள்கைக்குச் சான்றாகக் கொண்டார். எடின்பரோவில் பார்னின் மாணவர் கெல்லர்மன் 1940-இல் நெடுந்தொலைவு மின்விசைகளையும் சேர்த்துச் செய்த கணக்கோ, எண்ணற்ற அதிர்வெண்கள் தொடர்ச்சியாகப் பரவியிருப்பதைக் காட்டியது. அக்கணக்கைக் கொண்டு பார்னும் மேரி பிராட்பர்னும் 1947-இல், கிருஷ்ணன் கண்ட முகடுகள் அதிர்வெண்கள் நெருங்கிக் குவியும் இடங்களே என்று விளக்கினர்.

கிருஷ்ணனின் அளவீடுகள் சிறந்தவை. ராமன் அவற்றுக்குத் தந்த பொருளே பிழைத்தது. அயனிகளிடையேயான மின்விசை அண்டை அயனிகளோடு முடிந்துவிடாதபோது, சிறு குழுவைத் தனியே பிரித்து எண்ணும் கொள்கைக்கு அப்படிகத்தில் இடமில்லை. 1960-இல் வுட்ஸ், காக்ரன், பிராக்ஹவுஸ் ஆகியோர் நியூட்ரான் சிதறலால் சோடியம் அயோடைடில் அதிர்வலைகளை நேரடியாக அளந்தபோது, அலைநீளத்திற்கேற்ப அதிர்வெண் தொடர்ச்சியாக மாறுவது ஐயமற நிலைநாட்டப்பட்டது. தாம் 1948-இல் பெங்களூரில் நிறுவிய ஆய்வு நிலையத்தில் பணியைத் தொடர்ந்த ராமன், அதன் பின்னும் தம் கொள்கையைக் கைவிடவில்லை.