கடலை மிட்டாய்

கடலை மிட்டாய் என்பது வறுத்த நிலக்கடலையை வெல்லப்பாகில் கலந்து, வில்லைகளாகவோ உருண்டைகளாகவோ செய்யப்படும் ஓர் இனிப்புத் தின்பண்டம் ஆகும். தூத்துக்குடி மாவட்டத்திலுள்ள கோவில்பட்டி இதற்குப் பெயர் பெற்ற ஊர். கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020ஆம் ஆண்டு புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இதனையொத்த பண்டம் மகாராட்டிரத்தில் சிக்கி எனப்படுகிறது.

எடை குறைவாகவும் ஆற்றல் மிகுதியாகவும் இருப்பதாலும், பல நாட்கள் கெடாமல் இருப்பதாலும், நெடுந்தொலைவு நடப்போருக்கும் கடும் உடலுழைப்பு செய்வோருக்கும் இது ஏற்ற உணவாகும். கனடிய மராத்தான் வீரர் பிரையன் மாக்சுவெல் 1986இல் தொடங்கிய பவர்பார் போன்ற ஆற்றல் கட்டிகளின் பயனை, வீட்டிலேயே செய்யக்கூடிய இப்பண்டமும் பெருமளவு தருகிறது.

மலையேற்றத்தில்

விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பை அடுத்துள்ள தாணிப்பாறை, சதுரகிரி மலையின் அடிவாரம் ஆகும். சுந்தரமகாலிங்கம் கோயிலுக்குச் செல்லும் பக்தர்கள் இங்கிருந்து கரடுமுரடான காட்டுப்பாதையில் சில மணி நேரம் நடந்து ஏறுகின்றனர். அருகிலுள்ள திருவில்லிபுத்தூரில் புகழ்பெற்ற பால்கோவா ஈரப்பதம் உடையது. வெயிலில் நெடுநேரம் தாங்காது. நீர் வற்றிய பாகில் செய்யப்படும் கடலை மிட்டாய் அவ்வாறு கெடுவதில்லை.

தேவையான பொருட்கள்

- நிலக்கடலை - 200 கிராம்
- வெல்லம் - 150 கிராம்
- தண்ணீர் - கால் குவளை
- ஏலக்காய் அல்லது சுக்குத் தூள் - சிறிதளவு
- நெய் - தட்டில் தடவுவதற்கு

செய்முறை

1. கடலையை மிதமான தீயில் வறுத்து, ஆறியபின் தோல் நீக்கி இரண்டாக உடைத்துக்கொள்ள வேண்டும்.
2. வெல்லத்தை நீரில் கரைத்து வடிகட்டி, மீண்டும் அடுப்பிலேற்றிக் காய்ச்ச வேண்டும்.
3. பாகில் ஒரு சொட்டைக் குளிர்ந்த நீரில் விட்டு எடுத்தால், அது வளையாமல் ஒடிய வேண்டும். தட்டில் போட்டால் "டங்" என்று ஒலிக்கும்.
4. உடனே தீயை அணைத்து, தூளையும் கடலையையும் சேர்த்துக் கிளற வேண்டும்.
5. நெய் தடவிய தட்டில் கொட்டி, பூரிக்கட்டையால் சமப்படுத்தி, சூடு ஆறுமுன் வில்லைகளாகக் கீறிக்கொள்ள வேண்டும்.

பாகின் பதம்

மிட்டாயின் தன்மையைத் தீர்மானிப்பது பாகின் பதமே. பாகு காயக் காய நீர் ஆவியாகி, அதன் கொதிநிலை உயர்கிறது. போதிய அளவு நீர் வெளியேறிய பாகு, ஆறும்போது கண்ணாடி போல் இறுகி உடையும். நீர் மிஞ்சினால் மிட்டாய் இளகிக் கையில் ஒட்டும். அளவு மீறிக் காய்ந்தால் கசக்கும். வெல்லம் காற்றின் ஈரத்தை ஈர்ப்பதால், மிட்டாயைக் காற்றுப் புகாத கலனில் வைக்க வேண்டும்.

ஆற்றல்

மேற்கண்ட அளவில் செய்த 30 கிராம் வில்லை ஒன்றில் தோராயமாக 145 கலோரி ஆற்றலும், 4 கிராமுக்குச் சற்று மேற்பட்ட புரதமும், 8 கிராம் கொழுப்பும் இருக்கும். வெல்லத்திலுள்ள சர்க்கரை விரைவில் ஆற்றல் தருகிறது; கடலையின் கொழுப்பும் புரதமும் மெதுவாகச் செரிக்கின்றன. எனவே ஏறும்போது ஒரே நேரத்தில் பல வில்லைகளை உண்ணாமல், இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக நீருடன் உண்பது நல்லது. வியர்வையால் இழக்கும் நீரையும் உப்பையும் இது ஈடு செய்யாது.

கவனத்திற்குரியவை

- பூஞ்சை பிடித்த கடலையில் அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு இருக்கக்கூடும். வறுப்பதால் அது முழுமையாக நீங்காது. நிறம் மாறிய, சுருங்கிய பருப்புகளை முன்னரே பொறுக்கி நீக்க வேண்டும்.
- நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் இதனை உண்ணலாகாது. கடலை தொண்டையில் சிக்கக்கூடும் என்பதால் சிறு குழந்தைகளுக்குக் கொடுப்பதையும் தவிர்க்க வேண்டும்.
- வெல்லமும் இரத்தச் சர்க்கரையை உயர்த்தும் என்பதால் நீரிழிவு நோயாளிகள் இதனைச் சர்க்கரைக்கு மாற்றாகக் கருதக்கூடாது.
- சதுரகிரிக் காடு, 2021இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகத்தில் அடங்கியது. மிட்டாயை நெகிழி உறைகளில் அல்லாமல் எவர்சில்வர் டப்பாவில் எடுத்துச் செல்வதும், குரங்குகளுக்கு உணவு கொடுக்காதிருப்பதும் காட்டிற்கு நன்மை தரும்.