தளர்ந்துகொடுக்கும் அதிர்வெண்

2021 நவம்பர் 21, விடிவதற்குச் சற்று முன்பு, ஹவாயின் கவாய் தீவில் எண்ணெயால் இயங்கிய மின்னாக்கி ஒன்று திடீரென நின்றுபோனது. அந்நேரத்தில் தீவின் மின்தேவையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை அது ஒன்றே சுமந்திருந்தது. அவசரத்துக்கு மின்சாரம் பெற்றுக்கொள்ள அத்தீவுக்கு அண்டை மின்தொகுப்பு எதுவுமில்லை. மின்கலன்களோடு இணைந்த இன்வெர்ட்டர்கள் விரைந்து குறையை நிரப்பின; தீவு முழுவதும் இருளில் மூழ்கவில்லை. ஆயினும் 18 முதல் 20 ஹெர்ட்ஸ் வரையிலான ஓர் அலைவு எழுந்து, ஒரு நிமிட அளவுக்கு மின்தொகுப்பை ஆட்டிவைத்தது.

நீராவியும் நீர்வீழ்ச்சியும் மின்சாரம் தந்த காலத்தில் ஒத்திசைவு பெரும்பாலும் இயற்பியலே அளித்த கொடையாக இருந்தது. சுமை கூடினால் கனத்த சுழலிகளின் வேகம் தளரும். அத்துடன் அதிர்வெண்ணும் தாழும். அந்தத் தாழ்வைக் கண்டே ஒவ்வொரு நிலையத்தின் வேகச் சீராக்கியும் தன் பங்குக்கு உற்பத்தியைக் கூட்டும். தொலைபேசியில் எவரும் எவரையும் அழைக்க வேண்டியதில்லை. இன்வெர்ட்டரிலோ சுழல்வது எதுவுமில்லை. அவற்றுள் பெரும்பாலானவை, ஏற்கெனவே இருக்கும் மின்னலையை அளந்து அதைப் பின்தொடர்பவை. பின்தொடர்பவை மட்டுமே மிகுந்துவிட்ட தீவில் அலையை வகுத்துத் தருவது யார்?

விடை 1993ஆம் ஆண்டிலேயே எழுதப்பட்டிருந்தது. முகுல் சாந்தோர்கர், தீபக் திவான், ராம்பாபு அடபா ஆகிய மூவரின் ஆய்வுரை, தனித்தியங்கும் மின்னமைப்புகளையும் பெரிய யுபிஎஸ் அமைப்புகளையும் கருத்தில் கொண்டது. இணையாக நிற்கும் இன்வெர்ட்டர்கள் தம்முள் செய்தி பரிமாறாமல், தத்தம் முனையில் அளக்கக்கூடியவற்றை மட்டும் கொண்டு சுமையைப் பகிர்ந்துகொள்ளும் முறையை அது முன்வைத்தது. முறையின் உட்கரு பழையதுதான்: சுமை ஏறினால் அதிர்வெண்ணைச் சிறிது தாழ்த்துவது. பொறியாளர்கள் இதனை டிரூப் என்பர். இயந்திரத்தின் இயல்பான சோர்வு, இங்கே வேண்டுமென்றே எழுதப்பட்ட விதியாயிற்று. சாந்தோர்கர் பின்னர் மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியரானார். தீவு மின்சாரத்தின் வரலாற்றை மின்கலன் விலைச்சரிவின் கதையாகவே சொல்லிவருபவர்கள் இந்தக் கோட்பாட்டுக் கடனைப் பெரும்பாலும் விட்டுவிடுகின்றனர்.

கவாய் நிகழ்வை ஆராய்ந்தபோது, அலைவுக்குத் தூண்டுகோலானவை பின்தொடரும் வகை இன்வெர்ட்டர்கள் எனத் தெரியவந்தது. அலையைத் தாமே உருவாக்கி, டிரூப் விதிப்படி இயங்கியவையோ அதைத் தணித்தன. கருவிகளிடையே வன்பொருளில் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபட்டது கட்டுப்பாட்டு நிரல். தீவினர் பழைய இயந்திரத்தையும் முற்றாகக் கைவிடவில்லை. வெயில் மிகுந்த நேரங்களில் எரிபொருளின்றி ஒரு மின்னாக்கியைச் சுழலவிட்டு, அதன் நிலைமத்தை மட்டும் மின்தொகுப்புக்கு அளிக்கும் ஏற்பாடும் அங்கே உண்டு.