என்-கேஜ்: மீண்டும் வந்த விளையாட்டுத் தளம் எங்கே சறுக்கியது?

ஃபின்லாந்தின் நோக்கியா நிறுவனம், கைத்தொலைபேசிகளுக்கான தனது 'என்-கேஜ்' விளையாட்டுத் தளத்தை 2008 ஏப்ரலில் மீண்டும் அறிமுகப்படுத்தியது. அதே பெயரில் 2003 அக்டோபரில் விற்பனைக்கு வந்த கருவி கேலிக்கு இலக்காகியிருந்தது. அதில் விளையாட்டை மாற்ற பேட்டரியைக் கழற்ற வேண்டும். பேசுவதற்கோ கருவியின் விளிம்பைக் காதில் வைக்க வேண்டும்.

இரண்டாவது முறை தனிக் கருவி கிடையாது. என்81, என்95 போன்ற நோக்கியா தொலைபேசிகளில் இயங்கும் மென்பொருளாகவே அது வந்தது. கனடாவின் மொன்றியலிலும் கலையகம் வைத்துள்ள பிரெஞ்சு நிறுவனமான கேம்லாஃப்ட், அஸ்ஃபால்ட் 3 உள்ளிட்ட விளையாட்டுகளை அதற்கு வழங்கியது.

சிக்கல் உரிமத்தில் இருந்தது. பணம் கொடுத்து வாங்கிய விளையாட்டு, வாங்கிய கருவியுடனேயே பிணைக்கப்பட்டது. தொலைபேசியை மாற்றியவர் அதே விளையாட்டை மறுபடியும் வாங்க வேண்டும். ஆண்டுதோறும் புதிய மாதிரிகளை விற்று வளர்ந்த நிறுவனம் விதித்த நிபந்தனை இது என்பதுதான் விந்தை.

2008 ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் ஆப் ஸ்டோரைத் திறந்தது. அங்கு வாங்கியவை வாடிக்கையாளரின் கணக்கோடு அடுத்த ஐஃபோனுக்கும் சென்றன. தனி நிரலாளர்களும் அங்கு தமது படைப்புகளை விற்க முடிந்தது.

புதிய என்-கேஜ் விளையாட்டுகள் இனி வெளிவராது என்று 2009 அக்டோபர் 30 அன்று நோக்கியா அறிவித்தது. 2010 இறுதியுடன் சேவையும் நிறுத்தப்பட்டது.