நிறுத்த முடியாத விண்கலம்



இந்த மாத உரைக்கு நான் எடுத்துக்கொண்ட விடயம் சிலருக்குச் சிரிப்பாக இருக்கலாம். விண்கலம் ஓட்டுகிற கணனி விளையாட்டுக்களில், ஓரிடத்திலிருந்து புறப்பட்டு மற்ற இடம் போய்ச் சேரும்வரை உள்ள நேரத்தை என்ன செய்கிறார்கள் என்பதுதான் விடயம். சுடுவதும் வெடிப்பதும் பற்றிப் பேசப் பலர் இருக்கிறார்கள். ஒன்றுமே நடக்காத அந்த இடைநேரத்துக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. எங்கள் வீடுகளில் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் நடக்கிற ஒரு சண்டைக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதால் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

விண்வெளியில் தூரம்தான் முதல் பிரச்சினை. 1969 இல் அப்பலோ 11 சந்திரனைச் சென்றடைய மூன்று நாட்களுக்கு மேல் எடுத்தது. 2006 யனவரியில் புறப்பட்ட நியூ ஹொரைசன்ஸ் என்ற ஆளில்லாக் கலம் புளூட்டோவைக் கடந்தது 2015 யூலையில். இடையில் ஒன்பதரை வருடம். அந்தப் பயணத்தின் பெரும்பகுதியில் கலத்தை உறங்க வைத்திருந்தார்கள். கிழமைக்கு ஒரு தடவை அது ‘சுகமாக இருக்கிறேன்’ என்பதுபோல ஒரு சமிக்ஞை அனுப்பும். நேரத்தைச் சுருக்க வழியில்லாதபோது, ஆட்களின் வேலையையும் கருவிகளின் தேய்மானத்தையும் மிச்சம் பிடித்தார்கள். விளையாட்டுச் செய்கிறவருக்கு அந்த வசதி கிடையாது. வேலை முடிந்து களைத்து வந்து ஒரு மணித்தியாலம் கணனிக்கு முன்னால் இருக்கிறவருக்கு ஒன்பதரை வருடத்தை யார் விற்பது?

ஆரம்பத்தில் இந்தக் கேள்வியே எழவில்லை. 1962 இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. பல்கலைக்கழகத்தில் ஸ்ரீவ் ரசலும் நண்பர்களும் ‘ஸ்பேஸ்வோர்’ என்ற விளையாட்டை எழுதினார்கள். இரண்டு கலங்கள், நடுவில் ஈர்க்கும் ஒரு நட்சத்திரம், எல்லாம் ஒரே திரைக்குள். அதில் ‘ஹைப்பர்ஸ்பேஸ்’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் கலம் மறைந்து வேறெங்கோ தோன்றும். சிலவேளை தோன்றும்போதே வெடித்துவிடும். தூரத்தைக் கடக்க வந்த வழியல்ல அது, தப்பி ஓட வந்த வழி.

1969 இன் பிற்பகுதியில், சந்திரனில் மனிதன் இறங்கிய சில மாதங்களில், ஜிம் ஸ்ரோரர் என்ற உயர்பாடசாலை மாணவன் சந்திரனில் கலத்தை இறக்கும் விளையாட்டொன்றை எழுதினான். படம் கிடையாது, எழுத்தும் எண்களும் மட்டும்தான். பத்து விநாடிக்கு ஒரு தடவை உயரத்தையும் வேகத்தையும் சொல்லி, எவ்வளவு எரிபொருள் எரிக்க வேண்டும் என்று கணனி கேட்கும். நீங்கள் பதில் சொல்லும்வரை கலம் அப்படியே அந்தரத்தில் நிற்கும். அந்தப் பத்து விநாடிக்கு நீங்கள் பத்து நிமிடம் யோசித்தாலும் கேட்பார் இல்லை. பத்து வருடம் கழித்து, 1979 இல், அற்றாரி நிறுவனம் இதே யோசனையைக் காசு போட்டு விளையாடும் பெட்டியாக்கியபோது கலம் யாருக்காகவும் நிற்கவில்லை. எரிபொருள் முடிந்தால் இன்னொரு காசு போட்டு வாங்கலாம். யோசிக்கிற நேரத்துக்கும் விலை வந்தது அப்போதுதான்.

பயணம் என்ற ஒன்று உண்மையில் தொடங்கியது பிரித்தானியாவில். 1984 இல் டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிறிட்ஜ் மாணவர்கள் பிபிசி மைக்ரோ கணனிக்காக ‘எலீட்’ என்ற விளையாட்டை எழுதினார்கள். அந்தக் கணனி அப்போது இந்நாட்டுப் பாடசாலைகளில் பரவலாக இருந்தது. எண்பதுகளில் வந்து, இங்கே பின்னேர வகுப்புக்களுக்குப் போன எங்களிற் சிலர் அதை முதலில் கண்டது அங்கேதான். நானும் அப்படித்தான் கண்டேன். 32 கிலோபைற்று நினைவகத்துக்குள் எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள். கையில் நூறு ‘கிரெடிற்’ காசோடு தொடங்கி, ஓர் உலகத்தில் மலிவாக வாங்கி மற்றதில் விற்க வேண்டும். எங்கள் ஆட்களுக்குப் பிடித்ததில் அதிசயமில்லை.

எலீட்டில் ஓர் உலகத்திலிருந்து மற்றதுக்குத் தாவுவது சில விநாடி வேலை. ஆனால் தாவிய பிறகு கிரகம் வெகு தூரத்தில் ஒரு சிறு வட்டமாகத் தெரியும். நேராக ஓட்டினால் கை உளைந்துபோகும். அதற்கு ஜே என்ற எழுத்தை அழுத்த வேண்டும். கலம் ஒரு பெரிய துண்டுத் தூரத்தை ஒரே எட்டில் கடக்கும். ஒரு நிபந்தனை: பக்கத்தில் வேறொரு கலம் இருந்தால் ஜே வேலை செய்யாது. வருவது வியாபாரியா கொள்ளைக்காரனா என்று தெரியாமல், சாதாரண வேகத்தில் அவன் கிட்ட வரும்வரை போய்க்கொண்டிருக்க வேண்டும். தனியாக இருக்கிறவனுக்கு நேரம் சுருங்கும், இன்னொருவன் வந்துவிட்டால் நேரம் பழையபடி ஆகிவிடும். அதற்குப் பிறகு வந்த நாற்பது வருடத்து விளையாட்டுக்களையும் இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டு விளங்கிக்கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம்.

சுழலும் நிலையத்துக்குள் கலத்தை நுழைப்பதும் நேரம் தின்னும் வேலைதான். அதைத் தானாகச் செய்யும் கருவி 1,500 கிரெடிற். கொமடோர் 64 கணனிக்கு வந்த பதிப்பில், அந்தக் கருவி கலத்தை மெல்ல உள்ளே கொண்டுபோகும்போது ‘நீல டனியூப்’ இசை ஒலிக்கும். ‘2001’ என்ற திரைப்படத்தைப் பார்த்தவர்களுக்கு அது ஏன் என்று தெரியும். மிச்சம் பிடித்த நேரத்தைப் பாட்டுக் கேட்கக் கொடுத்துவிட்டார்கள்.

1990 இல் வந்த ‘விங் கொமாண்டர்’ இன்னும் சுருக்கமாகச் செய்தது. வழியில் எதிரி இல்லையென்றால் ஏ எழுத்து. ஒரு சின்னக் காட்சி ஓடும், அடுத்த இடம் வந்துவிடும். எதிரி இருந்தால் ஏ வேலை செய்யாது. திரும்பவும் அதே விதி.

1993 இல் டேவிட் பிரேபன் எலீட்டின் அடுத்த பாகமான ‘பிறன்ரியர்’ விளையாட்டைக் கொண்டுவந்தார். இதில் சூரிய குடும்பங்கள் உண்மையான அளவில் இருந்தன. கலங்கள் நியூட்டனின் விதிப்படி ஓடின. பாதி வழி முடுக்கிக்கொண்டு போய், கலத்தைத் திருப்பி, மிச்சப் பாதி வழியும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு போக வேண்டும். உண்மையான அளவு என்றால் உண்மையான நாட்கள். எனவே காலத்தையே வேகமாக ஓடவைக்கும் பொத்தான்களை வைத்தார். பத்து மடங்கு, நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு, அதற்கு மேலும். ஐந்து நாள் பயணம் தேநீர் ஆறுவதற்குள் முடியும். கொள்ளைக்காரன் தோன்றினால் காலம் சட்டென்று ஒரு மடங்குக்கு இறங்கிவிடும். வேகத்தை அளவுக்கு மேல் கூட்டிவிட்டால் தானியங்கி ஓட்டுநர் கிரகத்தின் மேலேயே கொண்டுபோய் மோதிவிடும் என்பது பழைய ஆட்டக்காரர் எல்லோருக்கும் தெரிந்த கதை.

பிறன்ரியரில் இன்னொன்று எனக்குப் பிடிக்கும். அங்கே நாட்காட்டி ஓடிக்கொண்டே இருக்கும். இன்ன திகதிக்குள் பொதியைக் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் கூலி. விளையாடுகிற உங்களுக்கு மிச்சமான நேரம், கலத்துக்குள் இருக்கிறவனுக்கு மிச்சமாவதில்லை. அவனுக்கு ஐந்து நாள் ஐந்து நாள்தான்.

இதைப் பிற்கால விளையாட்டுக்கள் மறந்துவிட்டன. 2011 யூனில் மெக்சிக்கோவிலிருந்து வெளிவரத் தொடங்கி 2015 ஏப்ரலில் முழுமையடைந்த ‘கேபல் ஸ்பேஸ் புரோகிராம்’ விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சை நிறச் சிறிய மனிதர்களுக்கு விண்கலம் கட்டிக் கொடுக்கும் விளையாட்டு. இயக்கவியல் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல துணையை நான் காணவில்லை. இதிலே காலத்தை ஒரு இலட்சம் மடங்கு வேகமாக ஓட்டலாம். எப்படி முடிகிறது? சாதாரண ஓட்டத்தில் கணனி ஒவ்வொரு கணமும் கலத்தின் மேல் விழும் விசைகளைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கும். இலட்சம் மடங்கில் அது நடக்கிற காரியமில்லை. எனவே கணனி அந்தக் கணக்கை விட்டுவிட்டு, 1609 இல் கெப்ளர் வெளியிட்ட நீள்வட்டப் பாதை விதிகளைப் பிடித்துக்கொள்கிறது. இத்தனை நாள் கழித்துக் கலம் எங்கே நிற்கும் என்று நேரே சூத்திரத்திலிருந்து எடுத்துவிடலாம். அதனால்தான் அந்த வேகத்தில் ஓடும்போது இயந்திரத்தைப் போட விடமாட்டார்கள். இயந்திரம் எரிந்தால் பாதை மாறும், பாதை மாறினால் சூத்திரம் பொய்த்துவிடும். ஒன்றும் செய்யாமல் சும்மா போகிறவனுக்கு மட்டும்தான் காலம் பறக்கும்.

எனக்கு இதில் உள்ள குறை வேறு. அந்தப் பச்சை மனிதர்களுக்குச் சாப்பாடு வேண்டாம். இரண்டு வருடம் ஒரு சிறு கூட்டுக்குள் அடைத்து வைத்து, விசைப்பலகையில் இரண்டு தட்டுத் தட்டினால், போய் இறங்கும்போது அதே சிரிப்போடு இருப்பார்கள். விண்ணப்பத்தின் முடிவுக்காக ஒரு அறைக்குள் வருடக்கணக்கில் காத்திருந்த ஆட்கள் எங்கள் நேயர்களில் எத்தனையோ பேர். காத்திருக்கிற காலத்தில் பசிக்கும், வாடகை வரும், வயது போகும் என்று அவர்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

இனி எங்கள் வீட்டுச் சண்டைக்கு வருவோம்.

இதுவரை சொன்னவற்றைப் பெரும்பாலும் தனியாள் விளையாடுவது. வானம் முழுவதும் ஒருவருக்கே சொந்தம். அவர் அதை நிறுத்தலாம், ஓட்டலாம், வேகமாக்கலாம். இணையம் வந்து ஒரே வானத்தில் பல்லாயிரம் பேர் கூடியதும் அந்தப் பொத்தானைக் கழற்றத்தான் வேண்டியிருந்தது. எனக்குப் பத்து மடங்கு வேகமாக ஓடுகிற காலம் உங்களுக்கு ஒரு மடங்கில் ஓட முடியாதல்லவா? 2003 இல் வந்த ‘பிறீலான்சர்’ தனியாகவும் சேர்ந்தும் விளையாடக்கூடியது. அது காலத்தைத் தொடாமல், கலங்களை இழுத்துச் செல்லும் வேகப் பாதைகளை வானத்தில் போட்டது. கொள்ளைக்காரர் அந்தப் பாதையை இடையில் அறுப்பார்கள்.

அதே 2003 இல் ஐஸ்லாந்து நிறுவனமொன்றின் ‘ஈவ் ஒன்லைன்’ வந்தது. அதில் ஒரு திறமையைக் கற்க உண்மையான நாட்கள், சிலவேளை கிழமைகள் எடுக்கும். கணனியை அணைத்துவிட்டு வேலைக்குப் போனாலும் கற்றல் நடந்துகொண்டிருக்கும். பயணத்துக்குத் தானியங்கி உண்டு. ஆனால் அது ஒவ்வொரு வாசலுக்கும் சற்றுத் தள்ளியே இறக்கி, மிச்சத்தை மெல்ல ஊர்ந்து போகும். அதை நம்பித் தேநீர் போடப் போனவர்கள் திரும்பி வந்து கலத்தைக் காணாமல் திகைத்ததுண்டு.

ஈவில் நடந்த இன்னொரு புதுமை, காலத்தை மெதுவாக்கியது. ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் மோதினால் கணனி திணறும். ஒருவர் கொடுத்த கட்டளை நடக்கும், மற்றவரது நடக்காது. 2012 முதல், அப்படி நெருக்கடி வந்தால் அங்குள்ள எல்லோருக்கும் ஒரேயளவாகக் காலம் மெதுவாகும். மிக மோசமான நிலையில் பத்திலொரு பங்கு. 2014 யனவரி 27 ஆம் திகதி தொடங்கிய ஒரு பெருஞ்சண்டை இப்படி 21 மணித்தியாலம் நீடித்தது. ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் அதில் இருந்தார்கள். மெதுவானது எல்லோருக்கும் ஒரேமாதிரி என்பதால் அதை நியாயம் என்று ஏற்றுக்கொண்டார்கள்.

2014 டிசம்பரில் பிரேபனின் நிறுவனம் ‘எலீட் டேஞ்சரஸ்’ விளையாட்டை வெளியிட்டது. எங்கள் பால்வீதி முழுவதும் உண்மை அளவில். இதில் ஜே எழுத்தும் இல்லை, காலத்தை முடுக்கும் பொத்தானும் இல்லை. அல்பா சென்டோறியில் ஹட்டன் என்றொரு நிலையம் இருக்கிறது. மலைநாட்டு ஹட்டனை நினைத்துவிடாதீர்கள். நீங்கள் வந்து இறங்கும் நட்சத்திரத்திலிருந்து அது 0.22 ஒளியாண்டு தூரம். ஒளிக்கே எண்பது நாள் வழி. கலத்தின் உச்ச வேகம் ஒளியைப்போல இரண்டாயிரம் மடங்கு. கணக்குப் போட்டால் உச்ச வேகத்திலேயே ஒரு மணித்தியாலம், அந்த வேகத்தை எட்டும் நேரத்தையும் சேர்த்தால் ஒன்றரை மணித்தியாலத்தை நெருங்கும். வழியில் ஒன்றும் இல்லை. போனால் வாங்கக்கூடிய பேர்பெற்ற பொருள் ஒரு குவளை. அங்கே பெரிய கப்பலொன்று இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்று புதியவர்களை ஏமாற்றி அனுப்புவது பழையவர்களின் பகிடி.

அந்த வெறும் வழியில் போனவர்கள் பொழுதுபோகாமல் ஒருவரோடொருவர் கதைக்கத் தொடங்கினார்கள். பிறகு லொறிக்காரர் சங்கம் மாதிரி ஒரு குழு அமைத்தார்கள். பிறகு ஓட்டுகிறவர்கள் கேட்க இணையத்தில் ஒரு வானொலியே நடத்தினார்கள். வானொலிக்காரன் என்ற முறையில் இதை வாசித்தபோது எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. 2024 இல் புதிய இயந்திரமொன்று வந்து அந்த ஒன்றரை மணித்தியாலத்தை வெகுவாகக் குறைத்துவிட்டது.

என் மருமகன் ஒருநாள் அந்த வழியில் போய்க்கொண்டிருந்தபோது என் தங்கை சாப்பிடக் கூப்பிட்டாள். “நிப்பாட்ட ஏலாது அம்மா” என்றான். “உதிலை ஒண்டும் நடக்கேல்லை, வெறும் கறுப்பைப் பாத்துக்கொண்டு நிப்பாட்ட ஏலாதாம்” என்று அவளுக்குக் கோபம். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். ஒன்றும் நடக்கவில்லை. நிறுத்தவும் முடியாது. பெடியன் சாட்டுச் சொல்கிறான் என்று அவள் நினைத்தாள். தாய் தன்னை நம்பவில்லை என்று அவன் முகத்தைத் தூக்கிக்கொண்டான். எத்தனை வீடுகளில் இது நடக்கிறது என்பது எனக்கு வருகிற தொலைபேசி அழைப்புக்களில் தெரிகிறது.

பெற்றோர் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: தனியாக விளையாடுகிறாயா, மற்றவர்களோடா? தனியாக என்றால் பெரும்பாலும் நிறுத்தலாம், அப்படியே எழும்பி வரச் சொல்லுங்கள். மற்றவர்களோடு என்றால் திரையில் போகும் இடத்தின் பெயருக்குப் பக்கத்தில் எஞ்சிய நேரம் நிமிடக் கணக்கில் எழுதியிருக்கும். தங்கை இப்போது கறியைச் சூடாக்க முதல் அதைத்தான் எட்டிப் பார்க்கிறாள்.